கோட்டைத் தேவாலய ஊர் ஒன்றை மதிலிலிருந்து படிப்பது எப்படி

ருமேனியாவின் நடுவில், கார்பாத்திய மலைகள் வளைத்து நிற்கும் டிரான்சில்வேனியாவில், தேவாலயத்தைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்ட கிராமங்கள் இன்றும் நூற்றைம்பது அளவில் இருக்கின்றன. அவற்றுள் பியெர்த்தான் என்ற ஊரை 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1999இல் விஸ்க்ரி, ப்ரெஷ்மேர், சாஸ்கிஸ், வாலேயா வீலோர், கல்னிக், தர்ஜியு ஆகிய ஆறு ஊர்களையும் அதனுடன் சேர்த்தது. இந்த ஏழில் ஆறு சாக்சன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் மொழிக் குடியினர் உருவாக்கியவை. தர்ஜியு மட்டும் ஹங்கேரிய மொழி பேசும் செக்கெய் மக்களுடையது. இந்த ஊர்களுள் ஒன்றுக்குச் சென்று அதன் வரலாற்றை நேரில் அறிய விரும்புகிறவர் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெரும்பாலான பயணிகள் நேராகத் தேவாலயத்துக்குள் நுழைந்து, பலிபீடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அது நூலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பதற்குச் சமம். இந்த மதில்கள் மன்னனோ பிரபுவோ கட்டியவை அல்ல; உழவர்கள் தங்கள் உழைப்பையும் தானியத்தையும் செலவிட்டுத் தங்களுக்காகவே கட்டிக்கொண்டவை. ஆகையால் அவற்றைப் போர்க் கட்டடங்களாகப் பார்ப்பதைவிட, ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்ட முறையின் கணக்கேடாகப் பார்த்தால்தான் அங்கே இருக்கும் பல பொருள்கள் விளங்கும். தெருவில் தொடங்கி, மதிலைச் சுற்றி, களஞ்சியத்தைக் கண்டு, அதன் பிறகே வழிபாட்டுக் கூடத்துக்குள் செல்வது நல்ல வரிசை.

புறப்படுவதற்கு முன்

முதலில் ஊரின் பெயர்களைத் திரட்டிக்கொள்ளுங்கள். ஒருமையில் அல்ல, பன்மையில்தான். ஒவ்வோர் ஊருக்கும் ருமேனிய, ஜெர்மன், ஹங்கேரியப் பெயர்கள் உண்டு. பழைய ஆவணமும் வரைபடமும் எந்த ஆட்சியின் கீழ் எழுதப்பட்டனவோ அந்த மொழிப் பெயரையே தாங்கியிருக்கும். பியெர்த்தான் ஜெர்மனில் பிர்த்தெல்ம். ப்ரெஷ்மேர் ஜெர்மனில் தார்ட்லாவ். விஸ்க்ரியின் ஜெர்மன் பெயரான தோய்ச்-வைஸ்கிர்ஷ் என்பதிலும், ஹங்கேரியப் பெயரான சாஸ்ஃபெஹேரெட்யஹாசா என்பதிலும் ‘வெள்ளைத் தேவாலயம்’ என்ற பொருள் பொதிந்திருக்கிறது. ‘வைஸ்கிர்ஷ்’ என்பதை ருமேனிய நாக்கு உருட்டியெடுத்த வடிவமே ‘விஸ்க்ரி’. மூன்று மொழியினரும் தொலைவில் இருந்து முதலில் கண்டது ஒரே வெள்ளைச் சுவரைத்தான் என்பது பெயரிலேயே பதிந்துவிட்டது. வாலேயா வீலோர் என்பதற்கு ‘திராட்சைத் தோட்டங்களின் பள்ளத்தாக்கு’ என்று பொருள். ஆனால் அது பின்னாளில் சூட்டிய பெயர். அதன் ஜெர்மன் பெயரான வுர்ம்லோஃக் என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘புழுத்துளை’ என்றாகும். எந்தப் பெயர் தானே வளர்ந்தது, எது சூட்டப்பட்டது என்று பிரித்தறிவது வரலாற்றுப் படிப்பின் முதல் பயிற்சி.

அடுத்து, சில ஆண்டுகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1141 முதல் 1162 வரை ஹங்கேரியை ஆண்ட இரண்டாம் கேசா மன்னன் தன் நாட்டின் தென்கிழக்கு எல்லையைக் காக்கவும் வெறும் நிலத்தை விளைநிலமாக்கவும் மேற்கிலிருந்து குடிகளை அழைத்தான். அவர்கள் வந்தது ரைன், மோசெல் ஆறுகளின் பகுதியிலிருந்தும் லக்சம்பர்க், ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்தும்தான். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தோடு அவர்களுக்குப் பெரிய தொடர்பில்லை. அரசவையின் லத்தீன் எழுத்தர்கள் அவர்களைச் ‘சாக்சோனெஸ்’ என்று எழுதிவைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களின் பேச்சு வழக்கு இன்றும் லக்சம்பர்க் மொழிக்கே மிக நெருக்கமாக ஒலிக்கிறது.

1224 என்ற ஆண்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவ்வாண்டு இரண்டாம் ஆண்ட்ராஷ் மன்னன் அளித்த, ‘ஆண்ட்ரேயானும்’ என்று அறியப்படும் உரிமைப் பட்டயம், சிபியுப் பகுதிக் குடியினர் தங்கள் நீதிபதிகளையும் மதகுருக்களையும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. பதிலுக்கு அவர்கள் ஆண்டுதோறும் 500 வெள்ளி மார்க் வரி செலுத்தவும், போர் வந்தால் 500 வீரர்களை அனுப்பவும் கடமைப்பட்டார்கள். பின்னர் இவ்வுரிமைகள் பிற சாக்சன் வட்டாரங்களுக்கும் விரிந்தன. 1486இல் அவையெல்லாம் ஒரே தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. அவ்வமைப்பு 1876 வரை நீடித்தது. பிரபுவுக்கு அடிமைப்படாத உழவர்கள் தங்கள் ஊர்ப் பணத்தைத் தாங்களே செலவிட முடிந்தது என்பதனால்தான், ஐரோப்பாவின் பல பகுதிகளில் பிரபுவின் குன்றின்மேல் நிற்கும் கோட்டை இங்கே ஊர்த் தேவாலயத்தைச் சுற்றி நிற்கிறது.

கோட்டை எழுப்பத் தூண்டியவை இரண்டு. 1241–42இல் நடந்த மங்கோலியப் படையெடுப்பு மரத்தாலும் மண்ணாலும் ஆன காப்புகளின் போதாமையைக் காட்டியது. அதைவிடப் பெரிய தூண்டுதல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடர்ந்த உதுமானியத் தாக்குதல்கள். 1438இல் சுல்தான் இரண்டாம் முராதின் படை சேபேஷ் நகரைக் கைப்பற்றிப் பலரைச் சிறைபிடித்துச் சென்றது. நீங்கள் காணப்போகும் மதில்களில் பெரும்பகுதி 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்திருப்பதன் காரணம் இதுவே. இந்தப் படைகளுள் பல ஊரைப் பிடித்து ஆள வந்தவை அல்ல. ஆளையும் ஆட்டையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு விரைவில் திரும்பிவிடுபவை. சில நாள்கள் உள்ளே தாக்குப்பிடித்தால் போதும். இந்த ஒரு செய்தியை மறவாதிருந்தால், பீரங்கிகளைத் தாங்காத இச்சுவர்களை எதற்காகக் கட்டினார்கள் என்ற கேள்வியே எழாது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து இது: ஒரே பயணத்தில் ஏழையும் ஓடிப் பார்ப்பதைவிட, ஒன்றில் முழு நாளையும் மற்றொன்றில் அரை நாளையும் செலவிடலாம். மதிலின் அமைப்பை அறிய ப்ரெஷ்மேர், ஊரின் அமைப்பை அறிய விஸ்க்ரி, சமய வரலாற்றை அறிய பியெர்த்தான். பிராஷோவ், சிகிஷோவாரா, சிபியு ஆகிய நகரங்களிலிருந்து இவற்றை அடையலாம். புறப்படும் முன், அப்போது இப்பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு 1769 முதல் 1773 வரை டிரான்சில்வேனியாவை அளந்து வரைந்த நில அளவை வரைபடத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரின் தெருக்கள், ஓடை, தேவாலயம், சுற்றியுள்ள திராட்சைச் சரிவுகள் ஆகியவை அதில் தெளிவாக இருக்கும். அச்சிட்டுக் கையில் எடுத்துச் சென்றால் நடக்க நடக்க ஒப்பிடலாம்.

தெருவில் தொடங்குங்கள்

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேவாலயம் வரை நடந்து செல்லுங்கள். சாக்சன் ஊர்களில் வீடுகள் தெருவை நோக்கித் தங்கள் முக்கோண முகப்பைக் காட்டி நிற்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஆளுயரத்தைத் தாண்டிய சுவரும் வண்டி நுழையும் பெரிய வாயிலும் இருக்கும். ஆகவே தெரு முழுவதும் இடைவெளியற்ற ஒரே சுவராகத் தோன்றும். திறந்திருக்கும் வாயில் ஒன்றின் வழியே உள்ளே பார்த்தால் குறுகி நீண்ட முற்றமும், அதன் கடைக்கோடியில் குறுக்காகக் கட்டிய பெரிய வைக்கோல் கொட்டகையும் தெரியும். கொட்டகைகள் வரிசையாக ஒன்றையொன்று ஒட்டி நின்று ஊருக்குப் பின்பக்கச் சுவராகவும் அமைந்துவிடுகின்றன. கொட்டகைக்கு அப்பால் காய்கறித் தோட்டம், பழமரங்கள், அதற்கும் அப்பால் வயல். மதிலுக்கு முன்பே ஊர் தன்னை மதிலாக அடுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை இங்கேயே காணலாம்.

வீட்டு முகப்புகளைத் தலை நிமிர்த்திப் பாருங்கள். பல முகப்புகளில் ஆண்டும், கட்டியவரின் பெயரெழுத்துகளும், சிலவற்றில் ஒரு வரி இறைமொழியும் சுண்ணச் சாந்தில் புடைத்து நிற்கும். அவ்வாண்டு பெரும்பாலும் முகப்பைப் புதுப்பித்த ஆண்டே தவிர வீடு பிறந்த ஆண்டு அல்ல. வீட்டின் அடியிலுள்ள நிலவறை பல தலைமுறை பழையதாக இருக்கக்கூடும். பத்துப் பதினைந்து வீடுகளின் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டால், அந்த ஊரில் எந்தக் காலத்தில் பணம் புழங்கியது என்பது தானே தெரியவரும். பியெர்த்தான், வாலேயா வீலோர் போன்ற ஊர்களில் தெருவிலிருந்து சுற்றிலும் உள்ள குன்றுகளையும் நோக்க வேண்டும்: சரிவுகளில் படிக்கட்டுகளைப் போல ஓடும் வரிகள் பழைய திராட்சைத் தோட்டங்களின் எச்சம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபில்லோக்செரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபோது அந்த வருவாய் சரிந்தது.

தெருவின் ஓரத்தையும் விட்டுவிடக் கூடாது. ருமேனியரும், முன்பு ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களும் வெகுகாலம் ஊரின் விளிம்பிலும் மேட்டிலும் சிறிய மனைகளில் குடியிருந்தார்கள். இன்று சாக்சன் வீடுகள் பலவற்றில் வாழ்கிறவர்களும் அவர்களே. அவர்களைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்படும் ஊர் வரலாறு பாதி வரலாறுதான்.

மதிலை ஒருமுறை வலம் வாருங்கள்

உள்ளே செல்லும் முன் வெளிப்புறமாக மதிலை முழுதும் சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டியது சுவரின் உயரத்தை அல்ல, அதன் பொருள் மாறும் இடத்தை. கீழே ஆற்றுக் கல்லும் உடைகல்லும், ஒரு மட்டத்துக்கு மேல் செங்கல் என்று இருந்தால், சுவர் பிற்காலத்தில் உயர்த்தப்பட்டது என்று கொள்ளலாம். அடைபட்ட சன்னல், பாதியில் வெட்டுண்ட வளைவு, சாரம் கட்டிய கழிகளைச் செருகிய சதுரத் துளைகளின் வரிசை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டுமானக் கட்டத்தின் முடிவைச் சொல்லும்.

துளைகளிலும் வகை உண்டு. பழந்தமிழில் ஏப்புழை என்று அழைத்த அம்பெய்யும் துளை இங்கே ஒடுங்கிய செங்குத்துக் கீற்றாக இருக்கும். துப்பாக்கிகள் வந்தபின் அமைந்த துளைகள் குறுக்காக அகன்றோ, திறவுகோல் துளையின் வடிவிலோ இருக்கும். கூரைக்குச் சற்றுக் கீழே சுவரிலிருந்து முன்தள்ளி நின்று, அடியில் திறந்திருக்கும் பெட்டி போன்ற அமைப்புகள், மதிலை நெருங்கியவர்களின் தலையில் கல்லையும் கொதிநீரையும் கொட்டுவதற்காக உள்ளவை. எல்லா வழிகாட்டிகளும் கொதிக்கும் எண்ணெய் என்றே சொல்வார்கள். எண்ணெய்க்கு விலை உண்டு, கல்லுக்கு இல்லை. சாஸ்கிஸ் போன்ற ஊர்களில் இந்தக் கொட்டுவழிகள் மதிலில் அன்றித் தேவாலயத்தின் சுவரிலேயே, முட்டுச்சுவர்களை இணைக்கும் வளைவுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கே தேவாலயமே கோட்டை. கூரையடியில் வீரர்கள் நிற்பதற்கென்று ஒரு தளமே இருக்கிறது.

ப்ரெஷ்மேரில் இந்த வலம் வேறோர் அனுபவம். மதில் ஏறத்தாழ வட்டம். உயரம் சுமார் 12 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய முகம். ஆனால் நீண்ட வளைவுப் பாதை வழியே உள்ளே நுழைந்ததும், மதிலின் உட்புறம் முழுதும் தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகள் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். 270க்கும் மேற்பட்ட அறைகள், மரப் படிகளாலும் தாழ்வாரங்களாலும் இணைக்கப்பட்டவை, கதவுகளில் எண்கள். ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கே ஓர் அறை உண்டு. ஆபத்துக் காலத்தில் குடியிருக்கவும் அமைதிக் காலத்தில் தானியம் வைக்கவும் அது பயன்பட்டது. பள்ளிக்கூடம்கூட இம்மதிலுக்குள் இயங்கியிருக்கிறது. நடுவில் நிற்கும் சிலுவை வடிவத் தேவாலயத்தைத் தொடங்கியவர்கள், 1211இல் இப்பகுதிக்கு அழைக்கப்பட்டு 1225இல் வெளியேற்றப்பட்ட டியூட்டானிக் சமயவீரர்கள். அறைகளைப் பார்க்கும்போது ஒரு கதவின் முன் நின்று நிலையைத் தொட்டுப் பாருங்கள்: படிகள் நடுவில் குழிந்திருக்கும், தாழ் உரசிய இடத்தில் மரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். தாழ்வாரத்தின் உள்ளே இருளில் நடந்து, துளை வழியே வெளி வயலைப் பார்த்தால், காவல் நின்றவனுக்கு எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை என்பதும் புரியும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு கல்னிக். அங்கே முதலில் இருந்தது ஒரு பிரபுக் குடும்பத்தின் கோபுர இல்லம். 1430இல் அக்குடும்பத்தின் வழியினர் அதை ஊராருக்கே விற்றுவிட்டார்கள்; ஊரார் மதிலை உயர்த்தித் தங்கள் புகலிடமாக்கிக்கொண்டார்கள்.

உப்புக்கண்டமும் பத்தாயமும்

கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருந்தால் ஆயுதங்களை விரைவாகக் கடந்து செல்லலாம். களஞ்சியத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். பல ஊர்களில் ஒரு கோபுரத்துக்குப் ‘பன்றி உப்புக்கண்டக் கோபுரம்’ என்றே பெயர். குளிர்காலத்தில் பன்றியை அறுத்து உப்பிட்டுப் புகையூட்டிய கொழுப்புத் துண்டங்களை ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கோட்டையின் தடித்த சுவருக்குள் குளிர்ச்சியான இடத்தில் கொக்கியில் மாட்டி வைத்தது. கொக்கியோ துண்டமோ வீட்டு எண்ணைத் தாங்கியிருக்கும். வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் கதவு திறக்கப்படும். அவரவர் துண்டத்திலிருந்து அந்த வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டு போக வேண்டும். மற்ற நாளில் உரிமையாளருக்கும் அனுமதி இல்லை.

இந்த ஏற்பாடு முற்றுகைக்கு ஆயத்தமாக இருந்தது என்பது வெளிப்படை. அதற்கும் மேலாக, யார் வீட்டில் வாரா வாரம் எவ்வளவு குறைகிறது, யாருடைய கொக்கி வசந்தத்துக்கு முன்பே காலியாகிறது என்பதை ஊரே கண்ணால் கண்டுகொண்டிருந்தது. வறுமையை மறைக்க முடியாது. ஊதாரித்தனத்தையும் மறைக்க முடியாது. படைகள் வருவது நின்று நெடுங்காலம் ஆன பிறகும் இப்பழக்கம் தொடர்ந்ததன் காரணத்தை நான் இதில்தான் தேடுவேன். தர்ஜியுவில் இன்றும் ஊரார் கோட்டைக்குள் உப்புக்கண்டமும் தானியமும் வைத்து எடுக்கிறார்கள். அங்கே செல்வோர் தேவாலயத்தின் 1419ஆம் ஆண்டுச் சுவரோவியங்களோடு கோபுரத்தின் உட்புறத்தையும் காட்டும்படி பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். கதவைத் திறந்ததும் உப்பும் புகையும் கலந்த மணம் முகத்தில் அறையும்.

தானியத்துக்கோ பெரிய மரப் பத்தாயங்கள். பிளந்த பலகைகளை ஆணியின்றிப் பொழிவாய்களில் செருகிச் செய்தவை இவை. ஆகவே கழற்றி எடுத்துச் செல்லவும் மீண்டும் பூட்டவும் முடியும். முன்பலகையில் கீறப்பட்ட வட்டங்களும் சூரியச் சக்கரங்களும் குடும்பக் குறிகளும் இருக்கும். விஸ்க்ரியின் கோட்டைக்குள், தானியப் பத்தாயங்களை வைப்பதற்கென்று 18ஆம் நூற்றாண்டில் மதிலை ஒட்டிக் கூரையிட்ட தாழ்வாரம் ஒன்று கட்டப்பட்டது. அங்கே போர்வீரன் நடந்த பாதை களஞ்சியமாக மாறிவிட்டது. எந்த ஊரிலும் இத்தகைய மாற்றத்தைத் தேடுங்கள்: காவல் நடை எப்போது கிடங்கானது, கோபுரம் எப்போது மணிக்கூண்டானது, மதிலின் ஒரு பகுதி எப்போது இடிக்கப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கல்லாகப் போனது என்பவை அச்சம் தணிந்த காலத்தைக் காட்டும்.

வழிபாட்டுக் கூடத்துக்குள்

இப்போது உள்ளே செல்லலாம். பலிபீடத்தை நோக்காமல் முதலில் இருக்கைகளை நோக்குங்கள். கூடத்தின் நடுவில் முதுகுச்சாய்வில்லாத பலகைகள் இருந்தால், அவை பெண்களுக்குரியவை. திருநாள் உடையின் பின்புற நாடாக்களும் மடிப்புகளும் கசங்காமல் இருக்கும்பொருட்டு அவ்வாறு செய்ததாக ஊரார் சொல்வார்கள். ஆண்களுக்குப் பக்கச் சுவரோரத்திலும் மேல்தள மாடங்களிலும் இடம். வயது, திருமண நிலை, ஊர்ப் பொறுப்பு ஆகியவற்றின்படி ஒவ்வொருவரும் எங்கே அமர வேண்டும் என்பது வகுக்கப்பட்டிருந்தது.

பலிபீடம் சில ஊர்களில் கத்தோலிக்கக் காலத்தது. கூடமோ லூத்தரன் கூடம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், பிராஷோவைச் சேர்ந்த அறிஞர் யோஹான்னெஸ் ஹோன்டெருஸ் முன்னெடுத்த சீர்திருத்தத்தால் சாக்சன் சமூகம் ஒட்டுமொத்தமாக லூத்தரன் நெறிக்கு மாறியது. சுவரோவியங்கள் பல வெள்ளையடிக்கப்பட்டன. ஆனால் பலிபீட ஓவியங்கள் பலவற்றை விட்டுவைத்தார்கள். பியெர்த்தானில் 28 ஓவியப் பலகைகள் கொண்ட பலிபீடம் இவ்வாறு தப்பியது. அவ்வூர் 1572 முதல் 1867 வரை லூத்தரன் பேராயரின் இருப்பிடமாக இருந்தது. மதிலுக்குள் ஒரு கோபுரத்தில் பேராயர்களுடைய கல்லறைக் கற்கள் இருக்கின்றன. மற்றொரு கோபுரம் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டவர்களுக்கு விடப்பட்டது. ஒரே மதிலுக்குள் இரு சமயப் பிரிவுகளுக்கும் இடம் கிடைத்தது என்பது அந்நூற்றாண்டின் ஐரோப்பாவில் சிறிய செய்தி அல்ல. சாக்சன் தேவாலயங்கள் பலவற்றில் அனத்தோலியக் கம்பளங்கள் தொங்குவதையும் காணலாம். பிராஷோவின் கருப்புத் தேவாலயத்தில் உள்ள தொகுப்பு புகழ்பெற்றது. துருக்கியருக்கு அஞ்சி மதில் கட்டியவர்களே துருக்கியரின் கம்பளத்தை விலை கொடுத்து வாங்கித் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். போரும் வணிகமும் ஒரே சாலையில்தான் வந்தன.

பியெர்த்தானின் பொருள்வைப்பறைக் கதவை யாரும் தவறவிடுவதில்லை. ஒரே சாவியைத் திருப்பினால் கதவின் நான்கு பக்கங்களிலும் பத்துக்கு மேற்பட்ட தாழ்கள் ஒருசேர நகரும். 1900இல் பாரீஸ் உலகக் கண்காட்சிக்கு இது கொண்டுசெல்லப்பட்டது. கதவை வெளிப்புறத்தில் ஓவியமாகப் பார்ப்பதோடு நில்லாமல், உட்புறத்தில் சக்கரங்கள் இயங்குவதையும் காட்டச் சொல்லுங்கள். ஊர்க் கொல்லர்களின் திறம் அங்கேதான் தெரியும்.

அதே ஊரில் மணமுறிவு கேட்ட தம்பதியரை இரண்டு வாரம் அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் அறை ஒன்று உண்டு. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. முந்நூறு ஆண்டுகளில் ஒரே ஒரு மணமுறிவுதான் என்று கதை. இத்தகைய கதைகளைக் கேட்கும்போது மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது: கண்ணால் கண்டது, ஆவணத்தில் உள்ளது, வாய்மொழியாகச் சொல்லப்படுவது. அறை கண்ணால் கண்டது. மணவழக்குகளில் திருச்சபை தலையிட்டது ஆவணத்தில் உள்ளது. ‘ஒரே ஒரு மணமுறிவு’ என்பது வாய்மொழி. மூன்றையும் கலந்து ஒரே வாக்கியத்தில் எழுதினால் பின்னால் பிரிக்க முடியாது.

அண்டைவீட்டுச் சங்கம்

மதிலைக் காத்தது யார், ஓடு மாற்றியது யார் என்று கேட்டால், விடை ‘நாஹ்பார்ஷாஃப்ட்’ என்ற அண்டைவீட்டுச் சங்கத்தில் கிடைக்கும். ஊர்த் தெருக்கள் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியின் வீடுகளும் ஒரு சங்கமாக இயங்கின. தலைவருக்கு ‘அண்டைத் தந்தை’ என்று பெயர். வீடு கட்டுவது, கிணறு தூர்வாருவது, சவக்குழி தோண்டுவது, தீயணைப்பது, மதிலில் தங்களுக்குரிய பகுதியைப் பழுது பார்ப்பது எல்லாம் சங்கத்தின் கடமை. செய்தி பரப்ப ஒரு செதுக்கிய மரப்பலகை வீடு வீடாகக் கைமாறும். அதைத் தன் வீட்டில் தங்கவிட்டவருக்குத் தண்டம். ஆண்டுக்கொரு நாள் கூடிக் கணக்கு முடித்து, தண்டம் வசூலித்து, மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொண்டு, சேர்ந்து விருந்துண்டார்கள். அருங்காட்சியகத்தில் இதயம் அல்லது கேடய வடிவில் கைப்பிடியோடு ஒரு சிறு பலகை பொருள் விளங்காமல் கிடந்தால், அது பெரும்பாலும் இந்தச் செய்திப் பலகையே.

வெறுமையைப் படித்தல்

கல்லறைத் தோட்டத்துக்கும் போர் நினைவுப் பலகைக்கும் கடைசியில் செல்லுங்கள். 1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜெர்மன் இனத்தவருள் 17 முதல் 45 வயது வரையிலான ஆண்களும் 18 முதல் 30 வயது வரையிலான பெண்களும் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். எண்ணிக்கை சுமார் 70,000. பலர் சுரங்கங்களில் உழைத்தார்கள், பலர் திரும்பவில்லை. அதே ஆண்டு அவர்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பின்னர், 1967 முதல் 1989 வரை, மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று ருமேனிய அரசுக்குப் பணம் கொடுத்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டது. எல்லை திறந்த 1990ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். எண்ணூறு ஆண்டு ஊர்கள் பல ஒரே கோடையில் காலியாயின.

இதைப் பற்றி ஊராரிடம் கேட்கும்போது நேரடியாகத் ‘ஏன் போனார்கள்’ என்று தொடங்க வேண்டாம். ‘இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்’, ‘மணியை இப்போது யார் அடிக்கிறார்கள்’ என்று பொருளைச் சுட்டிக் கேட்டால் பேச்சு தானே வரும். வெளியேறியவர்களின் ஊர்ச் சங்கங்கள் ஜெர்மனியில் இயங்குகின்றன. கோடையில் பலர் திரும்பி வந்து கல்லறைகளைச் செம்மை செய்கிறார்கள். அவர்களைச் சந்திக்க விரும்பினால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் ஏற்றவை. திருச்சபைப் பதிவேடுகளைத் தேடுவோர் சிபியுவில் உள்ள டோய்ச் இல்லத்தின் ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

இன்றைய பாதுகாப்பு முயற்சிகளில் விஸ்க்ரி தனித்துப் பேசப்படுவது. மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை அங்கே வீட்டு முகப்புகளை மரபு முறையில் சீரமைத்தது. இன்று பிரித்தானிய மன்னராக இருக்கும் சார்லஸ் 2006இல் அவ்வூரில் ஒரு வீடு வாங்கினார். அதன் விளைவாகப் பயணிகள் பெருகினார்கள். அதில் நன்மையும் நெரிசலும் இரண்டும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு முன் வந்து சேர்ந்தால் நெரிசலிலிருந்து தப்பலாம்.

சாவியும் சுண்ணமும்

புகழ் பெறாத ஊர்களில் தேவாலயம் பூட்டியிருக்கும். கதவில் ஒட்டிய தாளில் சாவி எந்த எண் வீட்டில் இருக்கிறது என்றோ, ஒரு தொலைபேசி எண்ணோ இருக்கும். நண்பகல் உணவு நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரத்தையும் தவிர்த்துச் சென்று கேளுங்கள். ருமேனிய நாணயமான லேயில் சிறிய நோட்டுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. பல இடங்களில் அட்டை செல்லாது. கோபுரத்து ஏணிகள் செங்குத்தானவை, வழுக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான ஊர்களில் மேலே ஏற விடமாட்டார்கள்.

சுற்றி வரும்போது பழுதுபார்த்த தடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் சுண்ணச் சாந்தால் கட்டியது; ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். சில குளிர்காலங்களில் பூச்சு தகடு தகடாக உதிரும். கூரையில் விலகிய ஓர் ஓடும் அதேபோல்தான். மழைநீர் உத்தரத்தின் முனையில் இறங்கினால், வெளியே தெரியாமல் மரம் உளுத்துவிடும். 2016 பிப்ரவரியில் ரோவாதேஷ், ரோத்பாவ் என்ற இரண்டு ஊர்களிலும் சில நாள் இடைவெளியில் தேவாலயக் கோபுரங்கள் இடிந்து விழுந்தன. முன்பு அண்டைவீட்டுச் சங்கம் ஆண்டுதோறும் ஏறிப் பார்த்த கூரைகளுக்கு இப்போது ஏறிப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே விரிசலோ, விலகிய ஓடோ, புதிய ஈரக்கறையோ கண்ணில் பட்டால், அதைப் படமெடுத்து நாளும் இடமும் குறித்து, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சாவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.